கட்டிலுக்கு அடியில் கிரைண்டர் ஓடுகிறது: டிரெய்லர் கன்வெர்ட்டர் சத்தத்துக்கு என்ன வழி?

ஏரிக்கரைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். போன கோடையில் ஒருவரிடமிருந்து 2011 மாடல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே தங்குவது) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 26 அடி, 30 ஆம்ப் கரண்ட் இணைப்பு, முன்னால் கொக்கியில் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. இரண்டு மூன்று முறை வெளியே கொண்டுபோனோம், பெரிதாகத் தொந்தரவு இல்லை. பனிக்காலம் முழுக்க வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன்.

இந்த மே கடைசியில் லடிங்டன் ஸ்டேட் பார்க் போனோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் அடுக்குக் கட்டிலில், நாங்கள் முன் அறையில், அம்மாவுக்குச் சாப்பாட்டு மேஜையை மடக்கிப் போட்ட படுக்கை. அந்த பெஞ்சின் பக்கவாட்டில்தான் ஃபியூஸ், பிரேக்கர், கன்வெர்ட்டர் (வெளிக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி விளக்குக்கும் பேட்டரிக்கும் கொடுப்பது) எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கிறது. காற்றுக்கான கம்பித் துளை அம்மாவின் தலைமாட்டுக்கு நேரே.

முதல் ராத்திரி பத்தரைக்கு அம்மா என்னை எழுப்பினார். "ஏன்டா, கட்டிலுக்கு அடியில கிரைண்டர் ஓடுது, யாரு இந்நேரத்துக்கு மாவாட்டுறது?" என்றார். கோவில்பட்டியில் வீட்டுக்கு அடுத்த சுவர் மாவு மில். அந்தச் சத்தத்தில் முப்பது வருஷம் தூங்கிய மனுஷிக்கே இது தாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் இரண்டு வகை. அடியில் விடாமல் ஒரு 'ஹூ...' என்ற இரைச்சல். அதன் மேல் நடுநடுவே 'கர்ர்ர்' என்று ஒரு உரசல். கேஸ் ஹீட்டர் ஓட ஆரம்பித்தால் இரைச்சல் இன்னும் ஏறுகிறது. ஆனால் ஹீட்டரும் விளக்கும் அணைந்திருந்தாலும் நிற்பதில்லை. பகலில் சோதித்துப் பார்த்தேன், ஆறு மணி நேரம் ஆகியும் அதே இரைச்சல். போன வருஷம் இப்படிக் கேட்ட ஞாபகம் இல்லை. பார்க்கில் டிரெய்லருக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பத்தில் 118 வோல்ட், குறை ஒன்றும் இல்லை.

அம்மா தானாகவே ஒரு வைத்தியம் செய்து பார்த்தார். பழைய துண்டைச் சுருட்டித் துளையில் அடைத்துவிட்டார். பத்து நிமிடம் அமைதி, அப்புறம் முன்னைவிட மோசம்.

இரண்டாவது ராத்திரி நான் கன்வெர்ட்டர் பிரேக்கரையே அணைத்துவிட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது, எல்லாரும் தூங்கினோம். ஆனால் மூன்று மணிக்குக் குளிரில் விழிப்பு வந்துவிட்டது. ஹீட்டரின் விசிறி சோம்பலாகச் சுற்றுகிறது, தீ பற்றவில்லை. மறுபடி பிரேக்கரைப் போட்டதும் தீ பற்றிக்கொண்டது, கூடவே கிரைண்டரும்.

கன்வெர்ட்டர் போய்விட்டதா? விசிறியை மட்டும் மாற்றினால் போதுமா? இல்லை, 2011 மாடலுக்கு இதுதான் இயல்பா? மென்பொருள்காரன் நான், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் தைரியம் கிடையாது.

மினசோட்டா மாப்பிள்ளை:

மாற்றிவிடுங்கள் நண்பரே, யோசிக்கவே வேண்டாம். பெட்டியின் கீழ்ப்பகுதியை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதை வைக்கலாம், மேலே இருக்கும் பிரேக்கர்களைத் தொட வேண்டியதில்லை. சுமார் 200 டாலருக்குள் முடிந்துவிடும். நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் மாற்றினேன், ஒன்றரை மணி நேர வேலை, அதில் அரை மணி நேரம் கீழே விழுந்த திருகாணியைத் தேடியது. புதியது வந்ததும் அப்படியே லித்தியம் பேட்டரியும் போட்டுவிடுங்கள். ஈய பேட்டரி எல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

பழைய வயர்மேன்:

தம்பி ஏரிக்கரைவாசி, 200 டாலரை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். நான் டெக்சாஸில் இருக்கிறேன். சென்னையில் வயரிங் வேலை, இங்கே வந்து டிரெய்லர் பழுதுபார்ப்பு, எல்லாம் சேர்த்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முதலில் அந்தத் துண்டை எடுங்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். 55 ஆம்ப் கன்வெர்ட்டர் முழுச் சுமையில் கிட்டத்தட்ட 750 வாட் கொடுக்கும். அது கொடுக்கும்போது மிச்சச் சூடு அந்தத் துளை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வழியை அடைத்தால் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும், பிறகு கன்வெர்ட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், அதற்கும் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

இனி சத்தம். டிரெய்லரில் கரண்ட் சாமான் போடும் சத்தத்தைக் காதாலேயே பாதி பிரித்துவிடலாம். பழைய காலத்துக் கன்வெர்ட்டரில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதன் தகடுகள் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு முறை இழுபட்டு விடுவதால் 60 ஹெர்ட்ஸ் கரண்டில் வினாடிக்கு 120 முறை அதிரும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அதனால் 100. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று முனகுமே, அதேதான். ஏறாது, இறங்காது. உங்கள் சத்தம் ஏறி இறங்குகிறது, ஹீட்டரோடு கூடுகிறது. அது விசிறி. 2011 மாடலில் டிரான்ஸ்ஃபார்மர் முனகலை எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை, அப்போதே எல்லாம் எலக்ட்ரானிக் ஆகிவிட்டது. மேலே கேட்கும் 'கர்ர்ர்' விசிறியின் பேரிங்காக இருக்கலாம், அல்லது இறக்கையில் ஏதாவது உரசலாம்.

ஆனால் எனக்கு அந்த உரசல் முக்கியமாகப் படவில்லை. விசிறி ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது? எல்லாம் அணைந்திருக்கும்போது ஆறு மணி நேரம் அது யாருக்காக ஓடுகிறது? நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று மணிக் கதையைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒரு ராத்திரி ஹீட்டரை ஓட்டியே ஆக வேண்டும். ஹீட்டர் விசிறி 7, 8 ஆம்ப் எடுக்கும், அதுவும் விட்டு விட்டுத்தான். நல்ல பேட்டரியில் பாதிகூடத் தீராது. உங்கள் விசிறி சோம்பலாகச் சுற்றியது என்றால் வோல்ட் பத்தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். காற்றின் வேகம் போதவில்லை என்றால் உள்ளே ஒரு சிறு சுவிட்ச் மூடாது, கேஸ் திறக்காது. அதனால்தான் தீ பற்றவில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் கம்பத்து வயரைப் பிடுங்குங்கள். அரை மணி நேரம் பொறுங்கள், பேட்டரி மேல் வாயு இருந்தால் கலையட்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றித் தள்ளி வைத்து, துணி சுற்றுங்கள். அதன் பிறகு கம்பத்து வயரை மாட்டி, உள்ளே 12 வோல்ட் பக்கம் எவ்வளவு காட்டுகிறது, விசிறி என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தப் பேட்டரியைத் தனியாக ஒரு ராத்திரி விட்டு, காலையில் அதன் வோல்ட்டையும் அளங்கள்.

கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் கறுப்பு என்றால் நெகட்டிவ். டிரெய்லரில் பல இடங்களில் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளைதான் நெகட்டிவ். இந்த நிறக் குழப்பத்தில் தலைகீழாக மாட்டி, கன்வெர்ட்டர் ஃபியூஸ் இரண்டையும் எரித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

வண்டிக்குள் வீடு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது 50 ஆம்ப் மோட்டார்ஹோம். எங்களுக்கும் கட்டிலுக்கு அடியில்தான் சத்தம், ஆனால் அது 'ஜ்ஜ்ஜ்' என்று தேனீக்கூடு மாதிரி. ஆறு மாதம் கன்வெர்ட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் ஜெனரேட்டருக்கும் கம்பத்துக் கரண்டுக்கும் மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். அதன் கான்டாக்டர் (உள்ளே இழுபட்டு ஒட்டி இணைப்புக் கொடுக்கும் பாகம்) சரியாக ஒட்டாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. முனைகள் கறுத்துப் போயிருந்தன, ஒரு பக்கம் பிளாஸ்டிக் லேசாக உருகியும் இருந்தது. பார்த்த அன்றைக்கே மாற்றிவிட்டோம். ஏரிக்கரைவாசியிடமும் அது இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வயர்மேன்:

நீங்கள் சொன்னது சரி. அந்த 'ஜ்ஜ்ஜ்' வந்தால் கையால் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பதுகூட வேண்டாம், நேரே கம்பத்துப் பிரேக்கரை அணைத்துவிட வேண்டும். அது சத்தப் பிரச்சினை இல்லை, தீப் பிரச்சினை. ஆனால் 30 ஆம்ப் டிரெய்லரில் ஜெனரேட்டரைக் கட்டி வைத்திருந்தால் ஒழிய அந்தச் சுவிட்ச் இருக்காது.

ஏரிக்கரைவாசி:

எங்களிடம் ஜெனரேட்டர் இல்லை, அதனால் அந்தச் சுவிட்சும் இல்லை. துண்டு துவைக்கப் போய்விட்டது. "அந்த வயர்மேன் தம்பி எந்த ஊருன்னு கேளு" என்றார் அம்மா.

வார இறுதியில் வயர்மேன் அண்ணன் சொன்ன வரிசையிலேயே செய்தேன். வீட்டிலேயே 30 ஆம்புக்கு அடாப்டர் போட்டு மாட்டினேன். முதலில் பேட்டரி இணைந்திருக்கும்போது அளந்தேன்: பேட்டரி முனையில் 13.4 வோல்ட், விசிறி முழு வேகம், வழக்கமான கிரைண்டர். பிறகு கம்பத்து வயரைப் பிடுங்கி, காத்திருந்து, நெகட்டிவைக் கழற்றி (என்னுடையதிலும் வெள்ளைதான் நெகட்டிவ், அண்ணன் சொல்லாவிட்டால் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருப்பேன்), மறுபடி மாட்டினேன். 13.6 வோல்ட். நாலைந்து நிமிடத்தில் விசிறி நின்றுவிட்டது. டிரெய்லருக்குள் நின்று கேட்கிறேன், பக்கத்து வீட்டுப் புல் வெட்டும் சத்தம் மட்டும்தான் வருகிறது. எல்லா விளக்கையும் தண்ணீர் பம்ப்பையும் போட்டேன், விசிறி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அடங்கிவிட்டது.

அதாவது கன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. தனியாகக் கிடந்த பேட்டரி மறுநாள் காலையில் 10.7 வோல்ட்.

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு மூடிகளைத் திறந்தேன். குப்பென்று அழுகிய முட்டை நாற்றம். ஆறு செல்லில் ஐந்தில் தண்ணீர் வற்றி தகட்டின் தலை வெளியே தெரிகிறது. ஆறாவதில் மட்டும் தளும்பத் தளும்ப இருக்கிறது. ஆகா, இது ஒன்றாவது உருப்படியாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒன்பது டாலர் ஹைட்ரோமீட்டர் ஒன்றை வாங்கி, எட்டிய அளவுக்கு உறிஞ்சிப் பார்த்தேன். வற்றிய ஐந்தும் 1.275 முதல் 1.290 வரை. தளும்புகிற அந்த நல்ல பிள்ளை 1.100 தாண்டவில்லை.

இது என்ன கணக்கு? தண்ணீர் இருப்பதுதானே நல்ல செல்லாக இருக்க வேண்டும்?

பழைய வயர்மேன்:

அங்கேதான் இருக்கிறது விஷயம். தளும்புகிற செல்தான் செத்த செல். உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அது வேலையே செய்யவில்லை, அதனால் அதில் தண்ணீரும் குறையவில்லை.

கணக்கை இப்படிப் பாருங்கள். கன்வெர்ட்டருக்கு உங்கள் பேட்டரியில் செல் செத்தது தெரியாது. அது 13.6 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆறு செல் பங்கிட்டால் ஆளுக்கு 2.27 வோல்ட், அமைதியான சார்ஜ். ஒன்று செத்து ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு 2.72. அது சார்ஜ் இல்லை, கொதிக்க வைப்பது. தண்ணீர் வாயுவாகப் போகிறது, நாற்றம் வருகிறது, பேட்டரி ஒருபோதும் 'போதும்' என்று சொல்வதில்லை, கன்வெர்ட்டர் விடாமல் ஆம்ப் கொட்டிக்கொண்டே இருக்கிறது, சூடாகிறது, விசிறி நிற்க வழியே இல்லை. அணைத்துவிட்டால் ஐந்து செல் தெம்பில் 10.7. உங்கள் அளவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

எதனால் ஷார்ட் ஆனது என்று திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் பனிக்காலத்தில் பேட்டரியை அதிலேயே விட்டிருந்தீர்களா? கேஸ் கசிவு காட்டும் கருவி ஒன்றே போதும், சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி உங்கள் மிச்சிகன் குளிரிலும் உறையாது. சார்ஜ் தீர்ந்தது மைனஸ் 7 டிகிரி பக்கத்திலேயே உறைய ஆரம்பிக்கும். உறைந்தால் தகடு வளையும்.

அதில் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். திரும்ப இணைக்கவும் வேண்டாம். அந்த நாற்றம் நல்ல வாயு இல்லை, அம்மாவையும் பிள்ளைகளையும் அருகே விடாதீர்கள். புதியது வாங்கும்போது கடையில் கட்டும் முன்பணம், பழையதைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

ஏரிக்கரைவாசி:

அதிலேயேதான் விட்டிருந்தேன், நாலு மாதம். ஸ்டிக்கர்படி அதற்கு ஏழு வயது வேறு. விற்றவரிடம் "பேட்டரி எப்படி?" என்று கேட்டபோது "சூப்பராக இருக்கிறது" என்றார், நானும் பூம் பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

புதிதாக என்ன போடுவது? மாப்பிள்ளை சொன்ன லித்தியமா?

மினசோட்டா மாப்பிள்ளை:

நான் சொன்னதை நானே கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். உங்களுடையது பழைய கன்வெர்ட்டர், லித்தியத்துக்கு ஏற்றபடி 14.4 வோல்ட் பக்கம் போகாது. முழுதாக நிறையவும் நிறையாது, அது கேட்கும் ஆம்ப்பைக் கொட்டுவதற்காக உங்கள் விசிறி மறுபடி மணிக்கணக்கில் ஓடும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. அம்மா ஊருக்குப் போன பிறகு யோசியுங்கள்.

பழைய வயர்மேன்:

இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரியை வரிசையாகக் கட்டுவதுதான் எனக்குப் பிடித்தது, 200 ஆம்ப்-அவர் தாண்டும். ஆனால் கொக்கியில் இடம் வேண்டும், கனமும் ஏறும். நீங்கள் பெரும்பாலும் கரண்ட் இருக்கும் பார்க்கில்தானே தங்குகிறீர்கள்? அப்படியென்றால் இருக்கிற தட்டுக்குப் பொருந்துகிற 27-ஆம் அளவு டீப் சைக்கிள் பேட்டரி (நீண்ட நேரம் கரண்ட் கொடுத்துத் தீர்ந்து தீர்ந்து ஏறுவதற்கென்று செய்தது) ஒன்று போதும். மாதம் ஒரு முறை மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிட் ஊற்றவே வேண்டாம்.

ஏரிக்கரைவாசி:

கடைசி நிலவரம். 27-ஆம் அளவு பேட்டரி போட்டேன். மாட்டியதும் விசிறி ஓடியது, வயிற்றைக் கலக்கியது. இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. புதுப் பேட்டரிக்குப் பசி தீர வேண்டாமா.

'கர்ர்ர்' மட்டும் விசிறி கிளம்பும்போதெல்லாம் வந்துகொண்டிருந்தது. கம்பத்து வயரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுப் பெட்டியின் கீழ்ப்பகுதியை வெளியே இழுத்தேன். உள்ளே சுவருக்குள் வைக்கும் ரோஸ் நிறப் பஞ்சு, சூரியகாந்தி விதைத் தோல், இன்னும் சொல்லக் கூச்சப்படும் சில உருண்டைகள். பனிக்காலத்தில் எலி ஒன்று குடும்பத்தோடு இருந்திருக்கிறது. முகமூடி போட்டு, கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கி, எல்லாவற்றையும் துடைத்தெடுத்தேன். பஞ்சின் ஒரு நூல் விசிறியின் அச்சில் சுற்றியிருந்தது. பேரிங்கும் ஆட்டம் கண்டிருந்ததால் அதே அளவு, அதே வோல்ட், அதே ஆம்ப் எழுதிய விசிறி ஒன்றை வாங்கி மாட்டினேன். முதலில் தலைகீழாக மாட்டிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காற்று வரும் திசைக்குச் சட்டத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், அதை மாட்டிய பிறகுதான் பார்த்தேன். எலி வந்த ஓட்டை வயர் நுழையும் இடம்தான், இரும்பு நார் வைத்து அடைத்தாயிற்று.

நேற்று வாசலிலேயே டிரெய்லரில் அம்மாவைப் படுக்க வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "கிரைண்டர் நின்னுடுச்சு. ஆனா இப்போ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால பல்லி கத்துற மாதிரி டிக் டிக்குன்னு கேக்குது" என்றார்.

பழைய வயர்மேன்:

அம்மாவுக்கு என் வணக்கம், என் ஊர் செங்கல்பட்டு. அவர் காது என் மீட்டரைவிட நல்ல மீட்டர். அது பல்லி இல்லை, ஃப்ரிட்ஜில் கேஸைப் பற்ற வைக்கும் தீப்பொறி. அந்த ஃப்ரிட்ஜ் கரண்டிலும் ஓடும், கேஸிலும் ஓடும். ஆனால் ஃப்ரிட்ஜ் சுவிட்சை 'ஆட்டோ' என்ற நிலையில் வைத்திருந்தால், கம்பத்துக் கரண்ட் இருக்கும்போது ஃப்ரிட்ஜ் கேஸுக்குப் போகவே கூடாது. ஃப்ரிட்ஜுக்குப் போகும் பிரேக்கரைப் பாருங்கள்.

ஏரிக்கரைவாசி:

பார்த்தேன். அணைந்திருந்தது. போன வாரம் சோதனை செய்தபோது நான்தான் அணைத்திருக்கிறேன்.